கேமராவைத் தொடும் முன்

பட்டாசுத் தொழிலாளர்களுக்குக் கைபேசியில் பாதுகாப்புப் பாடம் தயாரிக்கும் தம்பி, தங்கையருக்கு ஒரு திறந்த மடல்



உங்களில் சிலர் சிவகாசி வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் படிக்கிறீர்கள். சிலர் ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர்கள். சிலருக்குக் காணொளி எடுக்கவும் செயலி எழுதவும் நன்றாகத் தெரியும். தொழிலாளி ஒவ்வொருவரின் கைபேசிக்கும் பாதுகாப்புப் பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற உங்கள் முயற்சி ஜெயிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். இந்தக் கரிசல் மண்ணில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளின் அம்மாவும் அப்பாவும் பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ வேலைக்குப் போனவர்கள். அந்தப் பிள்ளைகளில் பலரும் பிறகு அதே கம்பெனி வேனில் ஏறினார்கள். அவர்கள் சாயங்காலம் வீடு திரும்புவதைப் பற்றிய கடிதம் இது.

பாடம் என்றதும் கை கேமராவைத் தேடுகிறது. எதைப் படம் எடுக்கலாம், யாரைப் பேசவைக்கலாம், என்ன இசை போடலாம் என்று பேச்சு ஓடுகிறது. ஒரு மனிதர் எப்படிக் கற்கிறார், கற்றது எப்படி மறக்கிறது, நன்றாகத் தெரிந்த விதியையும் ஆபத்து நேரத்தில் ஏன் கடைப்பிடிக்க முடியாமல் போகிறது என்ற கேள்விகள் கடைசியில்கூட வருவதில்லை. கற்பித்தல் கோட்பாடு என்றால் பி.எட். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறக்கிற பெயர்ப் பட்டியல் என்று எண்ணிவிடாதீர்கள். பாடத்தில் எது முதலில் வர வேண்டும், எது வரவே கூடாது, எத்தனை நாள் கழித்து எதைத் திரும்பக் கேட்க வேண்டும் என்று தீர்மானிக்க வேறு துணை நமக்கு இல்லை.

ஓர் ஆலையின் வராந்தாவில் நடந்த பாதுகாப்பு வகுப்பு ஒன்றை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சுவரில் திரை. தூக்குச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நீளமான காணொளி. செந்தமிழில் ஒரு குரல் விதிகளை வரிசையாக வாசித்தது. குரல் வாசித்த அதே வரிகள் திரையிலும் ஓடின. பின்னால் இசையும் ஒலித்தது. முடிந்ததும் நோட்டில் எல்லோரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சதுதான சார். ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக்கூடாது, மீந்த மருந்த வைக்கக்கூடாது, இரும்புச் சாமான் கொண்டு போகக்கூடாது. ஏன் கூடாதுன்னுதான் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக" என்றார்.

அந்த அம்மா கேட்ட ஏனுக்கு உங்கள் பாடம் பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஒரு ஆய்வை முதலில் சொல்கிறேன், ஏனெனில் அது நேராகத் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றியது. 2006-ல் மைக்கேல் பர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் உலகின் பல நாடுகளில் நடந்த பாதுகாப்புப் பயிற்சிகளைப் பற்றிய 95 ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டு, அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளியிட்டார்கள். சொற்பொழிவு, துண்டறிக்கை, காணொளி ஆகியவற்றை ஒரு முனையில் வைத்தார்கள். தொழிலாளி தானே செய்து பார்த்து, பிழை திருத்தப்பட்டு, ஏன் என்று பேசிக் கற்கிற முறையை மறுமுனையில் வைத்தார்கள். அறிவும் திறனும் பெறுவதில் இரண்டாவது முறை சராசரியாக ஏறத்தாழ மூன்று மடங்கு பலன் தந்தது. வராந்தாவில் நான் பார்த்த வகுப்பு எந்த முனையில் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்த வராந்தா வகுப்பை அப்படியே சுருக்கிக் கைபேசிக்குள் வைத்தால், அது அதே முனையில்தான் இருக்கும்.

காணொளியைச் சின்னதாக்கிவிட்டால் போதும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் லட்சக்கணக்கான பார்வைப் பதிவுகளை 2014-ல் ஃபிலிப் குவோவும் மற்றவர்களும் ஆராய்ந்தபோது, காணொளி ஆறு நிமிடத்தைத் தாண்டினால் பார்ப்பவர் விலகிப்போகிறார் என்று தெரிந்தது. அது உண்மை. ஆனால் அது எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதற்கான அளவு. என்ன கற்றார்கள் என்பதற்கு அல்ல. அடுத்த ஆண்டே கென்னத் கோடிங்கர் குழு இணையவழி உளவியல் பாடம் ஒன்றை ஆராய்ந்தது. கூடுதலாகக் காணொளி பார்த்ததாலோ கூடுதலாகப் படித்ததாலோ வந்த பலனைவிட, கூடுதலாகப் பயிற்சி செய்ததால் வந்த பலன் ஆறு மடங்குக்கும் மேல். இரண்டு நிமிடக் காணொளியையும் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும் அல்லவா?

குரலும் எழுத்தும் ஒன்றாக ஓடியதைச் சொன்னேன். ஜான் ஸ்வெல்லர் 1988-ல் முன்வைத்த அறிதிறன் சுமைக் கோட்பாடு இதைத்தான் எச்சரிக்கிறது. ஒரே நேரத்தில் நம் மனம் கையாளக்கூடிய புதுச் செய்திகள் மிகக் கொஞ்சம். காதில் விழுவதையே கண்ணாலும் படிக்க வைத்தால் அந்தக் கொஞ்ச இடமும் வீணாகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருவருக்கு அது இரட்டைச் சுமை. படமும் குரலும் போதும், எழுத்தை எடுத்துவிடுங்கள். பின்னிசையையும்தான். காலண்டர் அச்சடிக்கிற சிவகாசியில் படம் வரைய ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. மருந்துக் கலவை அறை, திரி அறை, காயவைக்கும் மேடை ஆகியவற்றை இங்குள்ள ஓவியர்கள் ஒருமுறை நேரில் பார்த்து வரைந்தால், எங்கிருந்தோ இறக்கிய பொம்மைப் படங்கள் எதற்கு?

இனி ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். புதிய அறிவு, கற்பவரிடம் ஏற்கெனவே உள்ள அறிவில் போய் ஒட்டிக்கொண்டால்தான் நிற்கும் என்று உளவியலாளர் டேவிட் ஆசுபெல் வற்புறுத்தினார். நம் ஆட்களிடம் இருக்கிற அறிவு சாதாரணமானதா? சாத்தூர்ப் பக்கத்தில் தீக்குச்சியும் பெட்டியும் பார்க்காமல் வளர்ந்தவர் யார்? குச்சியின் முனை மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் தடவியிருப்பதில் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டும் உரசினால் பற்றும் என்பதால்தான் தனித்தனியாக வைத்திருக்கிறோம். இதை ஒரு வகுப்பில் சொன்னபோது பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "அப்போ மருந்தைச் சலிக்கும்போது உரசினாலும் அப்படித்தானே சார்?" என்று கேட்டான். அவன் அம்மா அந்த வேலைக்குப் போகிறவர். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த பட்டாசு மருந்துக்கு மத்திய அரசு 1992-லேயே தடை விதித்தது ஏன் என்பதை, அந்த ஒரு கேள்வியிலிருந்து முழு வகுப்புக்கும் விளக்க முடிந்தது. "நிலைமின்னூட்டம்" என்று தொடங்குவதைவிட "நைலான் சேலையைக் கழற்றும்போது படபடவென்று சத்தம் கேட்டிருக்கிறதா அக்கா?" என்று தொடங்குங்கள். பருத்தித் துணி உடுத்தச் சொல்வதன் காரணம் அவராகவே சொல்வார்.

உங்களுக்கு ஒரு மாதிரிப் பாடம் எழுதிக் காட்டுகிறேன். திரையில் ஒரே படம்: காலை நேரம், கலவை அறையின் வாசல், உள்ளே மூலையில் நேற்று மீந்த மருந்து இருக்கும் பாத்திரம். ஒரு பெண்குரல், நம்மூர்ப் பேச்சில்: "ராத்திரி மழை பெஞ்சிருக்கு அக்கா. கதவத் திறந்ததும் மூக்குல ஏறுற மாதிரி ஒரு வாடை வருது. நீங்க என்ன செய்வீக?" மூன்று படங்கள் வருகின்றன. பாத்திரத்தைத் தூக்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது ஒன்று. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது ஒன்று. எதையும் தொடாமல் பின்வாங்கி, பக்கத்து அறைகளில் இருப்பவர்களையும் கூப்பிட்டுக்கொண்டு விலகிப்போய், போர்மேன் அண்ணாச்சியிடம் சொல்வது ஒன்று. அவர் ஒன்றைத் தொடும்வரை பாடம் அடுத்த படிக்குப் போகக் கூடாது. விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் அது பாடமாகாது. அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்த பிறகு கேட்கும் விளக்கம்தான் மனத்தில் தைக்கும்.

தண்ணீர் ஊற்றுவேன் என்றவரிடம் "தவறு" என்று சிவப்புப் பெருக்கல் குறி போட்டு முடித்துவிடாதீர்கள். தீ என்றால் தண்ணீர் என்பது எல்லாருக்கும் உள்ள நியாயமான எண்ணம். அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே வினை நடந்து சூடேறும், அந்த வாடை அமோனியாவின் வாடையாக இருக்கலாம், கொஞ்சத் தண்ணீர் அந்த வினையை இன்னும் தூண்டிவிடும் என்று அங்கே, அப்போதே, அரை நிமிடத்தில் சொல்லுங்கள். தூக்கிக் கொட்டுவேன் என்றவருக்கு வேறு விளக்கம் வேண்டும். அசைத்தாலே உரசல்தான். ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒரு எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்துக்குப் பதில் சொல்வதுதான் கற்பித்தல். இந்த மூன்றில் எது சரி என்பதை நானோ நீங்களோ முடிவு செய்துவிடவும் கூடாது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பயிற்சி மையம் சிவகாசியிலேயே இருக்கிறது. அங்குள்ளவர்களும் தொழிலில் பழுத்த போர்மேன்களும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே ஒரு வரிகூட வெளியே போக வேண்டும்.

அந்தப் பாடம் அன்றோடு முடியவும் கூடாது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-ல் செய்த சோதனை உங்களுக்கு உதவும். மாணவரில் சிலர் ஒரு உரைப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்களே முந்தினார்கள். பயிற்சி முடிந்த கையோடு பத்துக் கேள்வி வைத்து, எல்லோரும் தேர்ச்சி என்று சான்றிதழ் கொடுப்பது எவ்வளவு ஏமாற்றும் என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா? மீந்த மருந்துக் கேள்வியை இரண்டு நாள் கழித்து வேறு படத்தோடு கேளுங்கள். அடுத்த வாரம் மருந்து காயவைக்கும் தட்டை வைத்துக் கேளுங்கள். மழைக்காலம் தொடங்கும் வாரத்தில் மறுபடி கேளுங்கள். தீபாவளி ஆர்டர் நெருக்கும் மாதங்களில் வேலை வேகம் பிடிக்கும். அப்போது கேள்வி இன்னும் அடிக்கடி வர வேண்டும்.

கைபேசியால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். ஆலைக்குள் கைபேசி கொண்டு போகக் கூடாது. ஆகவே உங்கள் பாடம் வேனிலோ, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டிலோதான் திறக்கப்படும். வீட்டில் ஒரே கைபேசி. அது பெரும்பாலும் மகன் கையில் இருக்கும். இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். இதெல்லாம் பொறியாளர்களான நீங்கள் சமாளித்துவிடுவீர்கள். கை கற்றுக்கொள்ள வேண்டியதைத் திரை கற்றுத்தராது என்பதுதான் பெரிய விஷயம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதால்தான் சிவகாசி இன்றைய சிவகாசி ஆனது. தொழில் நடக்கிற இடத்துக்குப் போய், செய்கிறவர் பக்கத்தில் நின்று கற்றது அது. மானிடவியலாளர் ஜீன் லேவ் லைபீரியாவின் தையற்காரர்களிடம் இதையே கண்டார். அங்கே புதுப் பையன் முதலில் பித்தான் தைப்பான், ஓரம் மடிப்பான். துணி வெட்டும் வேலை கடைசியில்தான் அவன் கைக்கு வரும். ஒரு துண்டு துணி வீணாவதைத் தாங்கக்கூடிய இடத்தில் தவறு செய்யவிட்டு, தாங்க முடியாத இடத்துக்கு மெல்ல அழைத்துப் போகிறார்கள். லேவும் எட்டியென் வெங்கரும் 1991-ல் எழுதிய சூழல்சார் கற்றல் நூல் இதிலிருந்து வளர்ந்தது. லேபிள் ஒட்டுவதிலிருந்து கலவை அறை வரைக்குமான வரிசை நம் ஆலைகளிலும் உண்டு. ஆள் பற்றாக்குறையில் அந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க வைப்பதுதான் ஆபத்து. உங்கள் செயலி அந்த வரிசையை மதிக்கட்டும். நேற்றுச் சேர்ந்தவருக்குக் கலவைப் பாடத்தைத் திறந்துவிடாதீர்கள்.

ஆகவே பாடத்தின் மையத்தில் போர்மேனை வையுங்கள். இரவில் கைபேசியில் வந்த கேள்வியை மறுநாள் காலை ஆலை வாசலில், வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் அவர் பேச வேண்டும். "நேத்துக் கேள்விக்கு என்ன சொன்னீக?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்க அவருக்குப் பயிற்சி வேண்டும். கேள்வி கேட்டுவிட்டுத் தானே பதில் சொல்லிவிடுவது ஆசிரியர்களான எங்களுக்கே கடைசிவரை போகாத பழக்கம். நேரில் ஒரு ஆள் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளிகள் மூடிக் கிடந்த 2020-ல் கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் வீட்டுக்கு வீடு போயின. அவை நல்ல பாடங்கள்தான். ஆனாலும் தமிழக அரசு 2021 அக்டோபர் 27-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை உட்கார வைக்க வேண்டியிருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நீ சொல்லு" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

யாருக்குப் பாடம் என்ற கேள்வியும் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 உயிர்கள் போயின. இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்லர். புகையைக் கண்டு, மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கிவிடலாம் என்றும், என்ன ஆயிற்று என்று பார்க்கலாம் என்றும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார். அடுத்த வெடிப்பில் அவர்கள் சிக்கினார்கள். ஓடிப்போய்த் தூக்குகிற அந்த மனம் நம் ஊரின் நல்ல மனம். அதைக் குற்றம் சொல்லிப் பாடம் எழுத முடியாது. ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள், டீக்கடைக்காரர், ஆடு மேய்க்கிற தாத்தா எல்லாரும் உங்கள் மாணவர்களே. முதல் வெடிச் சத்தத்துக்குப் பிறகு எவ்வளவு தூரத்தில் நிற்பது, யாருக்குப் போன் செய்வது, வண்டிகளுக்கு எப்படி வழிவிடுவது என்பதை அவர்கள் ஒன்றாக நின்று ஒத்திகை பார்க்க வேண்டும். இதற்குச் செயலி பிந்தித்தான் வரும்.

கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-ல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவித்தபோது, அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்தே தொடங்கினார். அந்தச் சொற்களைச் சுற்றி அவர்கள் வாழ்க்கையைப் பற்றிய விவாதமும் நடந்தது. 1990-களில் நம் அறிவொளி இயக்கத் தொண்டர்களும் முதியோரிடம் அப்படித்தான் உட்கார்ந்து பேசினார்கள். நீங்களும் அப்படிப் பேசத் தொடங்கினால் கூலிப் பேச்சு வந்தே தீரும். வரட்டும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவரிடம் "நிதானமாகச் செய்யுங்கள்" என்று பாடம் நடத்தினால், அவர் வீட்டு அடுப்பு அந்தப் பாடத்தை மறுத்துவிடும். நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால், ஆலையை உள்குத்தகைக்கு விட்டு மரத்தடியில் மருந்து செலுத்த வைத்தால், அது தொழிலாளி கற்கத் தவறிய பாடம் அல்ல. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் "கவனக்குறைவு" என்று எழுதி முடிக்கிறார்கள். 2023 அக்டோபர் 17-ல், ஒரே நாளில், இந்த மாவட்டத்தில் இரண்டு இடங்களில் 14 பேர் இறந்தார்கள். பாதுகாப்புப் பயிற்சி என்ற பெயரில் பழியைத் தொழிலாளி தலையில் ஏற்றும் நோட்டாக உங்கள் செயலி மாறிவிடக் கூடாது. "பயிற்சி பெற்றார், கையொப்பமிட்டார்" என்ற பதிவு நாளை யாருக்குக் கேடயமாகும் என்று இப்போதே யோசியுங்கள். போர்மேன்களுக்கும் உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் தனிப் பாடம் எழுதுங்கள். அதில் அறைக்கு எத்தனை பேர் என்பதும் கூலியும் இருக்கட்டும்.

பயிற்சி நேரத்துக்குக் கூலி உண்டு என்று ஆலைகளிடம் எழுதி வாங்குங்கள். வயிறு நிறைந்தால்தான் படிப்பு ஏறும் என்று மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்த காமராசர் பிறந்த மாவட்டம் இது. இதை விளக்கிச் சொல்ல வேண்டிய ஊர் அல்ல.

பலனை எப்படி அளப்பீர்கள் என்றும் சொல்லுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற எண் எனக்கு வேண்டாம். "இன்றைக்கு மருந்து சூடாக இருந்தது, வேலையை நிறுத்தினோம்" என்று ஒரு மாதத்தில் எத்தனை பேர் வாய்திறந்து சொன்னார்கள்? சொன்னவருக்கு மறுநாள் வேலை இருந்ததா? அந்தக் கணக்கை எடுங்கள். தொடக்கத்தில் அது ஏறினால் பதற வேண்டாம். முன்பு மறைத்த ஆபத்தை இப்போது சொல்கிறார்கள் என்று பொருள்.

முதல் நான்கு பாடங்களின் முன்வரைவு தயாரானதும் காகிதத்தில் வரைந்தே கொண்டு வாருங்கள். செயலி அப்புறம் ஆகட்டும். ஆலைகளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் என் பழைய மாணவர்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களில் இப்போது போர்மேனாக இருப்பவர்களும், பட்டாசுச் சக்கரம் சுற்றும் பெண்களும் உண்டு. படத்தைக் காட்டி, கேள்வியைக் கேட்டுவிட்டு, நீங்கள் பேசாமல் அவர்கள் பேசுவதை எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் படம் புரியவில்லை, எந்தச் சொல் நம்மூர்ச் சொல் இல்லை, எந்த விடை ஆலையில் நடக்காத விடை என்று அவர்களே திருத்தித் தருவார்கள். அவர்கள் அரை நாளுக்கு வாங்கும் கூலி எவ்வளவோ, அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
சாத்தூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்